மாதிரி வானூர்திப் பரப்பிகளில் மின்னேற்றக்கூடிய மின்கலங்களைப் பராமரித்தல்

வானொலி அலைகளால் கட்டுப்படுத்தப்படும் மாதிரி வானூர்தியைத் தரையில் நின்று இயக்குபவர் கையில் வைத்திருக்கும் கருவி பரப்பி எனப்படும். டிரான்ஸ்மிட்டர் என்ற பெயரே பறப்பாளர்களிடம் பெருவழக்கு. பரப்பியின் உள்ளே இருக்கும் மின்கல அடுக்கு தீர்ந்துபோனால், வானூர்தியில் உள்ள ஏற்பிக்குக் கட்டளை போவது அந்தக் கணமே நின்றுவிடும். 2.5 கிலோகிராம் எடையுள்ள மாதிரி ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போது கொண்டிருக்கும் இயக்க ஆற்றல், அதே எடை ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தரையைத் தொடும்போது பெறும் ஆற்றலுக்குச் சமம். அதன் முன்னால் கூர்மையான சுழலியும் சுழன்றுகொண்டிருக்கும். திடலில் நிற்பவர்கள் மீது அப்படி ஒன்று கட்டுப்பாடின்றி வராமல் தடுப்பதே பரப்பி மின்கலப் பராமரிப்பின் முதல் நோக்கம். மின்கலத்தின் ஆயுள் கூடுவது இரண்டாவது பயன்.

மின்கல வகைகள்

நீண்ட காலம் பரப்பிகளில் பயன்பட்டவை நிக்கல்-காட்மியம் மின்கலங்கள். சுவீடனைச் சேர்ந்த வால்தெமார் யுங்னர் 1899-இல் இவ்வகையை உருவாக்கினார். ஒரு கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 1.2 வோல்ட். எட்டுக் கலங்களைத் தொடராக இணைத்தால் கிடைக்கும் 9.6 வோல்ட் அடுக்கே பரப்பிகளின் பொது வழக்கமாயிற்று. வானூர்தியின் ஏற்பிக்கு நான்கு கலங்கள், அதாவது 4.8 வோல்ட் போதும். பழைய பரப்பி அடுக்குகளின் கொள்ளளவு பெரும்பாலும் 500 அல்லது 600 மில்லிஆம்பியர்-மணி. பரப்பி ஏறத்தாழ 200 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை எடுப்பதால், நல்ல நிலையில் உள்ள அடுக்கு இரண்டரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

1989-இல் சந்தைக்கு வந்த நிக்கல்-உலோக ஐதரைடு மின்கலங்கள் அதே மின்னழுத்தத்தையும் அதே அளவையும் கொண்டு கூடுதல் மின்னூட்டம் தாங்கின. எனவே பழைய அடுக்கைக் கழற்றிவிட்டு இவற்றை நேரடியாகப் பொருத்த முடிந்தது. பிற்காலப் பரப்பிகளில் லித்தியம் வகைகள் பரவலாக உள்ளன. அவற்றுக்கான விதிகள் முற்றிலும் வேறானவை.

மின்னழுத்தமானி சொல்லாதது

முழுதாக மின்னேற்றிய நிக்கல் கலம் 1.4 வோல்ட் வரை காட்டும். பயன்படுத்தத் தொடங்கியதும் அது விரைவாக 1.25 வோல்ட்டுக்கு இறங்கி, பிறகு மிக நீண்ட நேரம் 1.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். கடைசியில் சில நிமிடங்களில் செங்குத்தாகச் சரியும். ஆகவே 9.6 வோல்ட் காட்டும் அடுக்கில் முக்கால் பங்கு மின்னூட்டம் இருக்கலாம், கால் பங்கும் இருக்கலாம். பரப்பியின் முள்ளைப் பார்த்து ‘இன்னும் ஒரு பறப்புக்குப் போதும்’ என்று முடிவு செய்வது இதனால்தான் ஆபத்தானது. பல பரப்பிகளில் 8.5 முதல் 9 வோல்ட்டுக்குள் எச்சரிக்கை ஒலி எழும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே, உடனே தரையிறக்குவது.

நம்பத்தக்க அளவீடு, கொள்ளளவை நேரடியாகச் சோதிப்பதே. முழுதாக மின்னேற்றிய அடுக்கை நிலையான மின்னோட்டத்தில் 8.8 வோல்ட், அதாவது கலத்துக்கு 1.1 வோல்ட் வரும்வரை இறக்கி, எடுத்த நேரத்தைக் குறிக்க வேண்டும். 600 மில்லிஆம்பியர்-மணி அடுக்கு 250 மில்லிஆம்பியரில் 144 நிமிடங்கள் நிற்க வேண்டும். 115 நிமிடங்களில் தீர்ந்துவிட்டால் கொள்ளளவு 80 விழுக்காடாகக் குறைந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் அடுக்கை மாற்றிவிடுவது பறப்பாளர்களின் பொதுவான வழக்கம். தேதியுடன் இந்த எண்களை அடுக்கின் மேலுறையிலேயே எழுதி வைத்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யும் சோதனைகளில் சரிவு தெளிவாகத் தெரியும். சோதனைக் கருவி இல்லாதவர்கள் பரப்பியை இயக்கி விட்டே நேரம் பார்க்கலாம். ஆனால் 72 அல்லது 35 மெகாஎர்ட்சு போன்ற பழைய அலைவரிசைப் பரப்பிகளில் அலைவாங்கிக் கம்பியை முழுதாக நீட்டியிருக்க வேண்டும். மடக்கி வைத்தால் வெளியீட்டுச் சுற்று சூடாகும். திடலில் அல்லது திடலுக்கு அருகில் இதைச் செய்யவே கூடாது. அதே அலைவரிசையில் வேறொருவர் பறக்கவிட்டுக்கொண்டிருந்தால் அவருடைய வானூர்தி விழும்.

மின்னேற்றம்

பரப்பியுடன் தரப்படும் சிறிய சுவர் மின்னேற்றி பெரும்பாலும் 50 மில்லிஆம்பியர் தருவது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் என்பது நிக்கல் கலங்களுக்குப் பாதுகாப்பான மெதுவான வீதம். ஏற்றும் மின்னூட்டம் முழுவதும் கலத்தில் தங்காது என்பதால் 10 மணி நேரம் போதாது, 14 முதல் 16 மணி நேரம் தேவை. இந்த வீதத்தில் ஓரிரு மணி நேரம் கூடினாலும் கேடில்லை. வாரக்கணக்கில் இணைப்பிலேயே விட்டுவைப்பது வேறு: இடைவிடாத வெப்பம் உள்ளே இருக்கும் பிரிப்புத் தாளைக் கெடுக்கும். ஒரு சாதாரண நேரக் கட்டுப்பாட்டுச் சுவிட்சு இதற்குப் போதுமான தீர்வு.

அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. 600 அடுக்குக்குப் பதிலாக 2000 மில்லிஆம்பியர்-மணி அடுக்கைப் பொருத்தியவர் அதே பழைய மின்னேற்றியில் ஒரு இரவு மட்டும் ஏற்றுகிறார். 50 மில்லிஆம்பியரில் அது நிரம்ப 56 மணி நேரம் ஆகும். காலையில் அவர் எடுத்துச் செல்வது கால் பங்கு நிரம்பிய அடுக்கு. மின்னழுத்தமானியோ நலமாகவே காட்டும்.

விரைவு மின்னேற்றிகள், அடுக்கு நிரம்பியதும் மின்னழுத்தம் சற்றே இறங்குவதை உணர்ந்து நின்றுவிடுகின்றன. நிக்கல்-காட்மியத்தில் இந்த இறக்கம் கலத்துக்கு 10 முதல் 20 மில்லிவோல்ட். நிக்கல்-உலோக ஐதரைடிலோ அது சில மில்லிவோல்ட் மட்டுமே. எனவே மின்னேற்றியில் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது உச்சத்தைத் தவறவிட்டுக் கலங்களைச் சுட்டுவிடும். பல பரப்பிகளின் மின்னேற்றத் துளைக்குப் பின்னால் ஒரு டையோடும் உள்ளது. முனைகள் மாறி இணைத்தால் சுற்றைக் காப்பது அதன் வேலை. அது இருப்பதால் துளை வழியாக மின்னிறக்கம் செய்ய முடியாது. சில விரைவு மின்னேற்றிகள் குழம்பும். அடுக்கை வெளியே எடுத்து நேரடியாக இணைப்பதே நல்லது. ஃபுடாபா, ஜேஆர் பரப்பிகளின் துளைகளில் நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறி இருப்பதால், ஒன்றின் மின்னேற்றியை மற்றொன்றில் செருகக்கூடாது.

நினைவு விளைவு

ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மட்டும் பயன்படுத்தி ஏற்றினால் மின்கலம் அந்த அளவையே ‘நினைவில்’ கொள்ளும் என்ற கருத்து மிகப் பரவலானது. நிக்கல்-காட்மியத்தில் இது உண்மையில் நிகழக்கூடியதே. ஆனால் அதற்குச் செயற்கைக்கோளில் போல மிகத் துல்லியமாக ஒரே அளவு மின்னிறக்கம் நூற்றுக்கணக்கான முறை திரும்ப நடக்க வேண்டும். ஒரு ஞாயிறு மூன்று பறப்பு, அடுத்த ஞாயிறு மழை என்று போகும் பொழுதுபோக்கில் அப்படி ஒரு ஒழுங்கு வருவதில்லை. பறப்பாளர்கள் நினைவு விளைவு என்று குறிப்பிடுவது பெரும்பாலும் நீண்ட மிகைமின்னேற்றத்தால் தகடுகளின் படிகங்கள் பெரிதாகி மின்னழுத்தம் தாழ்வதையே. இரண்டு மூன்று முழுச் சுழற்சிகளில் இது பெரும்பாலும் சரியாகும்.

இதற்கு மருந்தாக அடுக்கைச் சிறு விளக்கில் இணைத்து முழுதும் வடியவிடும் பழக்கம் நோயைவிடக் கொடியது. எட்டுக் கலங்களும் ஒரே அளவாக இருப்பதில்லை. மிக வலுக்குறைந்த கலம் முதலில் சுழியத்தை அடைந்ததும், மற்ற ஏழும் அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளி அதன் முனைகளைத் தலைகீழாக்கும். 8 வோல்ட் காட்டும் அடுக்கில் ஏழு கலங்கள் 1.14 வோல்ட்டிலும் ஒன்று சுழியத்திலும் இருக்க முடியும். ஆகையால் அடுக்காக இறக்கும்போது 8.8 வோல்ட்டில் நிறுத்திவிட வேண்டும். அதன் பின் மெதுவாக ஏற்றினால், முன்பே நிரம்பிய கலங்கள் மிகையை வெப்பமாக வெளியிட்டுக் காத்திருக்க, பின்தங்கியவை எட்டிப்பிடிக்கும். எப்போதும் விரைவாக ஏற்றுபவர்களும் அவ்வப்போது ஒருமுறை மெதுவாக ஏற்ற வேண்டியது இதற்காகவே.

சேமிப்பும் இணைப்புகளும்

நிக்கல் கலங்கள் சும்மா இருக்கும்போதும் மின்னூட்டத்தை இழக்கும். நிக்கல்-காட்மியம் முதல் நாளிலேயே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கலாம். வழக்கமான நிக்கல்-உலோக ஐதரைடு மாதத்துக்கு 20 முதல் 30 விழுக்காடு இழக்கும். வெப்பமான அறையில் இழப்பு இன்னும் கூடும். போன மாதம் ஏற்றியது என்பது ஏற்றாததற்குச் சமம். பறப்புக்கு முந்தைய இரவு ஏற்றுவதே முறை. 2005-இல் சான்யோ அறிமுகப்படுத்திய எனலூப் போன்ற குறைந்த இழப்புக் கலங்கள் இந்தக் குறையைப் பெரிதும் நீக்கின.

எதிர்முனைக் கம்பியையும் பார்க்க வேண்டும். பழைய நிக்கல்-காட்மிய அடுக்குகளில் கறுப்புக் கம்பியின் உள்ளிருக்கும் செம்பு உறைக்குள்ளேயே கறுத்து அரிக்கப்படுவது உண்டு. வெளியே எதுவும் தெரியாது. உறையைச் சிறிது உரித்துப் பார்த்தால் பளபளப்பற்ற, பற்றவைப்பு ஒட்டாத கம்பி தெரியும். அது இணைப்பானைத் தாண்டிச் சுவிட்சு வரை பரவியிருக்கலாம் என்பதால் கம்பி முழுவதையும் மாற்ற வேண்டும்.

லித்தியம் அடுக்குகள்

லித்தியம்-பாலிமர் கலத்தை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழ் இறக்கக்கூடாது. பயன்படுத்தாத நாட்களில் 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். லித்தியத்துக்கென உள்ள மின்னேற்றியையே, அதுவும் ஆள் அருகில் இருக்கும்போது மட்டும் பயன்படுத்த வேண்டும். உப்பிய கலம் தீப்பற்றக்கூடியது. அதை மீண்டும் ஏற்றக்கூடாது. நிக்கலுக்கென அமைந்த பழைய பரப்பியில் மூன்று கல அடுக்கைப் பொருத்துபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். முழு மின்னேற்றத்தில் அது 12.6 வோல்ட் தருவதால் பரப்பி அதைத் தாங்குமா என்பது ஒன்று. 8.5 வோல்ட்டில் ஒலிக்கும் எச்சரிக்கை, கலங்கள் 2.8 வோல்ட்டுக்கு இறங்கிக் கெட்ட பிறகே ஒலிக்கும் என்பது மற்றொன்று.

காட்மியம் நச்சு உலோகம். ஓய்வுபெற்ற அடுக்குகளைக் குப்பையில் போடாமல் மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். இந்தியாவில் இது 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் வருகிறது. லித்தியம் அடுக்குகளைக் கொடுப்பதற்கு முன் முனைகளை ஒட்டுநாடாவால் மூடிவிட வேண்டும்.