அந்த எண் யாருடைய விரலில் சரிபார்க்கப்பட்டது?

கொரோனா நாட்களில் மருத்துவமனைக்கு ஓடுவதா, வீட்டிலேயே இருப்பதா என்பதைப் பல குடும்பங்களில் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர்தான் முடிவுசெய்தது. அது எல்லோர் விரலிலும் ஒரே அளவுக்கு உண்மை சொல்வதில்லை என்பதை 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு உரக்கச் சொன்னது. கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியபோது, தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88-க்கும் கீழே கிடந்தது வெள்ளையரிடம் 3.6 சதவீத முறை, கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீத முறை.

சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளை ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்தே கருவி கணக்குப் போடுகிறது. தோலில் உள்ள மெலனினும் ஒளியை உறிஞ்சும். அப்படியானால் கருத்த தோலில் போதுமான அளவு சோதித்திருக்க வேண்டாமா?

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013 வழிகாட்டுதல் கேட்டது இவ்வளவுதான்: ஆரோக்கியமானவர்கள் குறைந்தது 10 பேர், 200 அளவீடுகள், அவர்களில் கருத்த தோலுடையவர் இருவர் அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அது. 200 என்பது பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் ஒருவரிடமே இருபது முறை அளந்தாலும் அவர் ஒரே மனிதர்தான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாகலாம். மனிதர்கள் ஒரே பானையில் வெந்தவர்கள் அல்லர். எட்டுப் பேரின் நல்ல முடிவு, இருவரிடம் நேர்ந்த பிழையைச் சராசரிக்குள் மூடிவிடும்.

நேர்மையான ஆய்வு, யார் யாரைச் சோதிக்கப் போகிறோம் என்பதை முதலிலேயே வகுத்துக்கொள்ளும். ஒவ்வொரு நிறப் பிரிவிலும் போதிய ஆட்களைச் சேர்க்கும். இனப் பெயரை நம்பாமல் தோலின் நிறத்தையே அளக்கும். ஆக்சிஜன் குறைந்த நிலையிலும் எல்லாப் பிரிவினரையும் சோதிக்கும். பிழையைப் பிரிவுவாரியாக வெளியிடும். 2025 ஜனவரியில் அதே அமெரிக்க நிர்வாகம் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல் இந்தத் திசையில்தான் நகர்ந்தது: 150 பேருக்குக் குறையாமல் வேண்டும், பத்து நிறங்கள் கொண்ட மங்க் தோல்நிற அளவுகோலின்படி மூன்று பிரிவு, ஒவ்வொன்றிலும் குறைந்தது கால் பங்கினர்.

கருத்த தோல் நம் ஊரில் சிறுபான்மை அல்ல. எனவே அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாகக் கருவி வாங்குவோர், டெண்டரில் விலையோடு இதையும் கேட்க வேண்டும்: கருத்த தோலுடைய எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், அவர்களிடம் மட்டும் பிழை எவ்வளவு? பதில் தராத நிறுவனத்தின் கருவியை வாங்கக் கூடாது.