பிளஸ் மாதிரி இருந்தால் எல்லாம் ஒரே ஸ்க்ரூவா?

உங்களிடம் இருப்பது ஜப்பானிய பிராண்ட் பைக் என்று வைத்துக்கொள்வோம். முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்ற, வீட்டில் கிடக்கும் 'ஸ்டார்' ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறீர்கள். கிர்ர்ரென்று வழுக்குகிறது. மூன்றாவது தடவையில் பிளஸ் குறி தேய்ந்து வெறும் குழியாகிவிடுகிறது. இனி மெக்கானிக் டிரில் போட்டுத்தான் அதை எடுக்கணும்.

கையில் பலம் இல்லாததால் இப்படி ஆகவில்லை. டிரைவர்தான் பொருந்தவில்லை. பிளஸ் மாதிரி தெரிகிற ஸ்க்ரூவிலேயே மூன்று வகை பரவலாக இருக்கு. 1930-களில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகள் வழியாகப் பரவியது பிலிப்ஸ். இதன் பள்ளத்தின் சுவர் சரிவானது. அழுத்தம் போதாமல் திருப்பினால் முனை மேலே ஏறி வெளியே வந்துவிடும். ஜப்பானின் ஜேஐஎஸ் பார்க்க அதே மாதிரிதான், ஆனால் பள்ளத்தின் அளவு கொஞ்சம் வேறு. தலையில் சின்னப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் ஜேஐஎஸ். அதில் பிலிப்ஸ் முனை அடிவரை இறங்காது. ஜேஐஎஸ் டிரைவரோ இரண்டிலும் சமாளிக்கும். பிளஸ்ஸின் கைகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் இருந்தால் அது போசிடிரைவ். ஐகியா ஃபர்னிச்சரில் பார்க்கலாம். அதற்கு பிஇசட்2 பிட் வேணும், பிஎச்2 ஆடும்.

இன்னொரு குழப்பம்: கடையில் 'ஸ்டார்' என்று கேட்டால் பிளஸ்ஸைத்தான் தருவாங்க. நிஜமான ஆறுமுனை நட்சத்திரத்தின் பெயர் டார்க்ஸ். அதிக விசை வேண்டிய இடத்துக்கும் அடிக்கடி கழற்றி மாட்டும் இடத்துக்கும் அதுதான் நல்லது, ஏன்னா அதன் சுவர்கள் கிட்டத்தட்ட செங்குத்தானவை.

புதிதாக வாங்கும்போது தலையின் அடிப்பக்கத்தையும் பாருங்க. கதவுக் கீலுக்குக் கூம்பு மாதிரி சரிந்த கவுன்டர்சங்க் தலை. கீலின் துளையும் அப்படித்தான் குடையப்பட்டிருக்கும். பிளாஸ்டிக், தகரத்துக்கு அடி தட்டையான பேன் ஹெட். பிளாஸ்டிக்கில் கூம்புத் தலையை இறுக்கினால் ஆப்பு அடித்த மாதிரி விரிசல் விடும்.

டிரைவர் சரியா என்று பார்க்க, திருப்புவதற்கு முன் ஸ்க்ரூவில் அழுத்தி இடம் வலம் அசைத்துப் பாருங்க. ஆடினால் வேறு அளவை எடுங்க. லேப்டாப்புக்குப் பெரும்பாலும் பிஎச்0 அல்லது பிஎச்00 தேவைப்படும். வழுக்க ஆரம்பித்துவிட்டால் உடனே நிறுத்துங்க. அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை நடுவில் வைத்து, நன்றாக அழுத்தி மெதுவாகத் திருப்பினால் சில சமயம் பிடி கிடைக்கும்.