மஞ்சக்குடிக்கு வந்த மருத்துவம்

அறுப்புக் கூலி கைக்கு வரும் மாலையில், "உடம்பு வலிக்கு ஒரு குவார்ட்டர் போடுப்பா" என்று கூட்டாளி இழுப்பார். கொரியாவிலோ, மேலதிகாரி ஊற்றித் தரும் சோஜு என்னும் மதுவை மறுக்க இளைஞர்கள் தயங்குவார்கள். பழக்கம் பெரும்பாலும் இப்படித்தான் தொற்றுகிறது. நாளடைவில் மூளை மதுவுக்குப் பழகிவிடும். காலையில் குடிக்காவிட்டால் டீ கிளாஸைப் பிடிக்கும் கை நடுங்கும், உடம்பு வேர்க்கும். சிலருக்கு வலிப்பே வரும். குடிப்பவரைத் திட்டிப் பயனில்லை, இது நோய்.

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த மருத்துவமனைக் குழு நம் பக்கத்துக் குடவாசலை அடுத்த மஞ்சக்குடிக்கே வந்து, 1989 முதல் சிகிச்சை முகாம்கள் நடத்தியது. பட்டணம் போக வழியில்லாத கூலித் தொழிலாளர்கள் 15 நாள் தங்கினார்கள். குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. குடிநோய் வீட்டையே வாட்டுகிறது, ஆகவே அதுதான் சரியான வழி.

தினமும் குடிப்பவரை வீட்டில் அடைத்துவைத்துச் சட்டென நிறுத்தச் செய்யாதீர்கள், உயிருக்கே ஆபத்து. மயிலாடுதுறை அரசு பெரியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். குடியை விட ஆலோசனை கேட்கக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446.