மலப்பிரபைக் கரையில் கூடிய தெற்கும் வடக்கும்

வட கர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டத்தில், கிருஷ்ணையின் துணையாறான மலப்பிரபையின் கரையில் அமைந்த பட்டடக்கல், வாதாபிச் சாளுக்கியர் முடிசூட்டு விழா நடத்திய ஊராகும். தலைநகர் வாதாபி, அதாவது இன்றைய பாதாமி, ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவில் இருந்தபோதும், ஆறு வடக்கு நோக்கித் திரும்பி ஓடும் இடம் புனிதமானது என்ற நம்பிக்கை இவ்வூருக்குத் தனிச் சிறப்பைத் தந்தது. செந்நிற மணற்கல்லால் எழுந்த இங்குள்ள கோயில்கள் 1987இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின.

கருவறையின் மேல் எழும் கட்டுமானம் மெல்ல வளைந்து குறுகி, நெல்லிக்கனி போல் வரிகள் செதுக்கிய ஆமலகம் என்னும் வட்டக்கல்லில் முடிவது வடநாட்டு நாகர முறை. தளத்தின்மேல் தளமாக அடுக்கி, தளந்தோறும் சிறு கோயில் உருவங்களை வரிசையாக நிறுத்துவது தென்னாட்டுத் திராவிட முறை. கலகநாதர் கோயில் முன்னதற்கும், விசயாதித்தன் (696–733) எடுப்பித்த சங்கமேசுவரர் கோயில் பின்னதற்கும் சான்றாக அருகருகே நிற்க, பாபநாதர் கோயிலில் நாகர சிகரமும் திராவிடச் சுவர் அணிகளும் ஒரே கட்டடத்தில் இணைகின்றன.

இவற்றுள் தலைசிறந்தது விரூபாட்சர் கோயிலே. 642இல் முதலாம் நரசிம்மவர்ம பல்லவனிடம் வாதாபியை இழந்த சாளுக்கியர் மரபில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து வந்த இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். ஆயினும், அந்நகரை அழிக்காமல், கைலாசநாதர் கோயிலின் செல்வத்தை இறைவனுக்கே திருப்பி அளித்ததாக அக்கோயிலின் தூணிலேயே கன்னடத்தில் பொறித்து வைத்தான். பகை முற்றிய இரு அரசுகளின் வரலாற்றில் இதைவிடப் பெருந்தன்மையான செய்தி அரிது. அவ்வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி எடுப்பித்த விரூபாட்சர் கோயிலில் தளமடுக்கிய விமானமும், சிற்றாலயங்கள் சூழ்ந்த திருச்சுற்றும் காஞ்சிக் கைலாசநாதரை நினைவூட்டுகின்றன. விமானத்தின் முகப்பில் மூக்குப்போல் நீளும் சுகநாசி என்னும் உறுப்போ காஞ்சியில் இல்லாதது. கோயிலை அமைத்தவர்களைக் கல்வெட்டுகள் மறக்கவில்லை: குண்டன் என்னும் சிற்பிக்குத் திரிபுவனாசாரி என்ற பட்டம் வழங்கப்பட்டது, சர்வசித்தி ஆசாரி தென்திசைச் சூத்திரதாரி, அதாவது தலைமைக் கட்டடக் கலைஞர், எனப் போற்றப்படுகிறார். அத்தென்திசை காஞ்சியையே குறிக்கும் என்று அறுதியிட இயலாவிடினும், அரசர் பெயரோடு கைவினைஞர் பெயரும் நிலைத்திருப்பது போற்றத்தக்கது.

இதன் அருகிலேயே, லோகமகாதேவியின் உடன்பிறந்தவளும் மற்றோர் அரசியுமான திரைலோக்கியமகாதேவி எடுப்பித்த மல்லிகார்சுனர் கோயில் உள்ளது. இரண்டாம் கீர்த்திவர்மன் காலத்தில், 754இல் நாட்டப்பட்ட தூண் ஒன்றில் ஒரே வடமொழிச் செய்தி வடநாட்டுச் சித்தமாத்ருகை எழுத்திலும் கன்னட எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. கோயில்களில் கண்ட சந்திப்பை எழுத்திலும் காண்கிறோம். அடுத்து ஆட்சியைப் பிடித்த இராட்டிரகூடர் இங்குச் சமணக் கோயில் ஒன்றைக் கட்டினர். அம்மரபின் முதலாம் கிருஷ்ணன் எல்லோராவில் பாறையைக் குடைந்து அமைத்த கைலாசநாதர் கோயிலுக்கு விரூபாட்சர் கோயிலே முன்மாதிரி என்று கலை வரலாற்றறிஞர் பலர் கருதுகின்றனர்.