சிறு செலவும் பெருஞ்செலவும்

மலேசியாவில் பல குடும்பங்களுக்கு மகிழுந்து ஆடம்பரப் பொருள் அன்று. பேருந்து வசதி குறைந்த தோட்டப்புறங்களிலும் சிற்றூர்களிலும் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்ல அதுவே துணை. ஆயினும், மாத வருமானம் வாடகை, மளிகை, கடன் தவணை எனக் கரையும்போது மகிழுந்தின் பராமரிப்பையே பலர் முதலில் ஒத்திவைக்கின்றனர். ‘வண்டிதான் ஓடுகிறதே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எண்ணுகின்றனர். இப்படி ஒத்திவைப்பதால் பணம் உண்மையிலேயே மிச்சமாகிறதா?

இயந்திர எண்ணெயை எடுத்துக்கொள்வோம். இயந்திரத்தினுள் உலோகப் பாகங்கள் நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை அசைகின்றன. எண்ணெய் அவற்றிற்கு இடையே மெல்லிய படலமாகப் பரவி உராய்வைக் குறைக்கிறது. வெப்பத்தையும் அழுக்கையும் அகற்றுகிறது. நாளடைவில் எண்ணெய் தன் தன்மையை இழக்கிறது. அதை மாற்றாவிட்டால் இயந்திரத்தினுள் சேறுபோன்ற கசடு படிந்து, பாகங்கள் தேய்கின்றன. சிறிய மகிழுந்துக்கு எண்ணெய் மாற்றச் சில நூறு ரிங்கிட் போதும். இயந்திரமே பழுதானால் ஆயிரக்கணக்கில் செலவாகும்.

பிரேக்கும் அப்படித்தான். பிரேக் பேட் தேயும்போது பல மகிழுந்துகளில் கீச்சென்ற ஒலி எழும். அப்போதே அதனை மாற்றினால் செலவு குறைவு. ஒலியைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், பேட் முற்றிலும் தேய்ந்து, அதன் உலோகப் பகுதி பிரேக் தட்டை உராய்ந்து கெடுக்கும். பிறகு இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கும். அதைவிட, தக்க தருணத்தில் வண்டி நிற்காமல் போனால் ஏற்படும் இழப்பைப் பணத்தால் ஈடுசெய்ய இயலாது.

டயரும் உயிரோடு தொடர்புடையது. டயரில் உள்ள பள்ளங்கள் சாலையில் தேங்கும் நீரை வெளியேற்றுகின்றன. அவை தேய்ந்துவிட்டால், கனமழையின்போது டயர் சாலையைப் பற்றாமல் நீரின்மேல் வழுக்கும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அந்த அளவைக் காட்டும் சிறு மேடுகள் டயரிலேயே அமைந்துள்ளன. டயரில் காற்று குறைந்தால் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

பழைய மகிழுந்தை வைத்திருப்போர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். அதன் ரப்பர்க் குழாய்களும் வார்களும் வெப்பத்தால் வெடித்துப்போகக்கூடும். கூலண்ட் எனப்படும் குளிர்விக்கும் திரவம் கசிந்தால் போக்குவரத்து நெரிசலில் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகும். நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் பழுதுபார்க்கும் கட்டணம் மட்டுமன்றி, இழுவை வண்டிக்கும் பணம் தர வேண்டும். நாட்கூலி பெறுபவர் அன்றைய சம்பளத்தையும் இழப்பார்.

குறைந்த வருமானத்திலும் மகிழுந்தைப் பேண வழிகள் உண்டு. எண்ணெய் அளவு, கூலண்ட் அளவு, விளக்குகள் ஆகியவற்றை வீட்டிலேயே செலவின்றிச் சோதிக்கலாம். ஆனால், இயந்திரம் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது. கொதிநீர் பீறிட்டு உடலைச் சுட்டுவிடும். டயர்க் காற்றை எண்ணெய் நிலையத்தில் சரிபார்க்கலாம். எந்தப் பாகத்தை எப்போது மாற்ற வேண்டும் என்பதை உற்பத்தியாளரின் கையேடு கூறும். மாதந்தோறும் 50 ரிங்கிட் ஒதுக்கினால், ஓராண்டில் 600 ரிங்கிட் சேரும். பட்டறையில் வேலையைத் தொடங்குமுன் விலையைக் கேட்டறிவதும், செய்த வேலைகளைக் குறித்துவைப்பதும் வீண்செலவைத் தவிர்க்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யப் பணம் போதாவிட்டால், பிரேக், டயர் போன்ற பாதுகாப்புக்குரியவற்றை முதலில் கவனிக்க வேண்டும். அழகுபடுத்தும் வேலைகள் காத்திருக்கலாம்.

ஒத்திவைத்த பராமரிப்பு மிச்சமான பணம் அன்று. பின்னர் வட்டியோடு செலுத்த வேண்டிய கடன். ஆகவே, வருமானம் குறைந்த குடும்பத்திற்கே முறையான பராமரிப்பு மிகவும் தேவைப்படுகிறது.