14 மில்லிமீட்டர் லென்ஸும் இரவு வானமும்

இரவு வானத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்ற ஆசை எழுந்த மாத்திரத்தில் பலருக்கும் எதிர்ப்படும் முதல் தடை இருட்டோ குளிரோ அல்ல, விலைதான். ஏனெனில், விரிந்த ஆகாயத்தையும் அதன் அடியில் கிடக்கும் மலையையும் ஏரியையும் ஒரே படத்துக்குள் அடக்கவல்ல லென்ஸ், மங்கிய நட்சத்திரங்களின் ஒளியையும் போதிய அளவு உள்ளே விடக்கூடியதாக இருக்க வேண்டுமானால், அதை உருவாக்குவது ஒளியியல் சாஸ்திரத்தின் மிகக் கடினமான காரியங்களில் ஒன்றாகிவிடுகிறது. கேனன் கம்பெனியார் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட 14 மில்லிமீட்டர் லென்ஸின் விலை 2,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருந்தது. சில ஆண்டுகளுக்குள் தென் கொரியாவின் சம்யாங் நிறுவனம் அதே 14 மில்லிமீட்டர் குவிய தூரமும் எஃப் 2.8 என்னும் அதே துவார அளவும் கொண்ட லென்ஸ் ஒன்றை 300, 400 டாலர் அளவில் விற்கத் தொடங்கியபோது, இவ்வளவு மலிவாகக் கிடைப்பதில் என்ன குறை ஒளிந்திருக்கிறதோ என்ற ஐயம் எழுந்தது இயற்கையே. ரோக்கினான், வாலிமெக்ஸ் முதலிய பெயர்களிலும் விற்பனையான லென்ஸ் இதுவே.

விலை குறைந்ததற்கு முக்கிய காரணம் கண்ணாடியில் செய்த சிக்கனம் அன்று. 14 கண்ணாடிகள் 10 தொகுதிகளாக அமைந்த இதன் உட்கட்டில், கோளவடிவத்தினின்று மாறுபட்ட வளைவுடைய கண்ணாடியும், நிறங்களைச் சிதறவிடாத விசேஷக் கண்ணாடியும் இடம்பெற்றிருக்கின்றன. இல்லாதது, தானே ஃபோகஸ் செய்துகொள்ளும் மோட்டார். கேனன் கேமராவுக்கென வந்த ஆரம்ப வடிவத்தில் மின்தொடர்பும் இல்லாமையால், துவாரத்தின் அளவைக்கூட லென்ஸின் மேலுள்ள வளையத்தைத் திருப்பித்தான் வைக்க வேண்டும். கல்யாண வீட்டில் ஓடியாடும் குழந்தைகளைப் படம் பிடிப்பவருக்கு இது பெருங்குறை என்பதில் ஐயமில்லை. ஆனால் மலை ஓடுவதில்லை, நட்சத்திரத்தின் முன்போ பெரும்பாலான கேமராக்களின் ஆட்டோஃபோகஸ் தடுமாறிப் போகும் என்பதால், இந்த இரு துறைகளிலும் ஈடுபடுவோர் இழப்பது மிகச் சொற்பம்.

கண்ணாடி நடுவே அமைந்த எஸ்.எல்.ஆர். கேமராவில், லென்ஸ் பொருந்தும் வாய்க்கும் படம் விழும் தளத்துக்கும் இடையே ஏறத்தாழ 44 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாக வேண்டும். 14 மில்லிமீட்டர் குவிய தூரமுள்ள லென்ஸோ இயல்பாக அத்தளத்துக்கு வெகு அருகில் நிற்க விரும்புவது. இந்த முரண்பாட்டைத் தீர்க்க, முன்புறத்தில் ஒளியை விரிக்கும் பெரிய கண்ணாடியை வைத்துப் பின்புறத்தில் அதைத் திரட்டும் உபாயத்தை, பிரான்ஸ் தேசத்து அஞ்செனியூ 1950-ல் புகைப்பட லென்ஸில் கையாண்டு காட்டினார். அந்த உபாயத்தின் விளைவே நம் லென்ஸின் முன்னே பிதுங்கி நிற்கும் பெருங்கண்ணாடி. அதன்மேல் ஃபில்டர் திருக இடமில்லை. அருவியை நெடுநேரம் திறந்து எடுத்து நீரைப் பட்டாக்க விரும்புவோர் இதனால் சங்கடப்படுவார்கள்.

இனி, லென்ஸின் தோஷங்களைப் பற்றிச் சொல்லும்போது, எனக்கு முக்கியமாகப் படுவது அவற்றின் எண்ணிக்கை அன்று. படம் எடுத்தபின் கணினியில் திருத்தக்கூடிய தோஷம் எது, எவ்வளவு முயன்றாலும் திருத்த முடியாத தோஷம் எது என்ற பாகுபாடுதான். சம்யாங்கின் 14 மில்லிமீட்டரில் நேர்கோடுகள் வளைகின்றன. அதுவும் நடுவில் புடைத்து ஓரங்களில் எதிர்த்திசையில் நெளியும் மீசை வடிவ வளைவாதலால், கட்டடத்தையோ கடலின் தொடுவானத்தையோ எடுத்தால் உடனே கண்ணில் உறுத்தும். அந்த லென்ஸுக்கென்றே கணக்கிட்ட திருத்தக் குறிப்பைக் கணினியில் ஏற்றினால் அது நேராகிவிடுகிறது. முழுத் துவாரத்தில் மூலைகள் நன்றாகவே இருண்டு போகின்றன. அதையும் பிரகாசமாக்கிவிடலாம், எனினும் பிரகாசமாக்கும் அளவுக்கு அங்கே புள்ளியிரைச்சல் கூடும் என்பதை மறைப்பதற்கில்லை.

கோமா என்னும் தோஷம் இவ்வகையைச் சேர்ந்ததன்று. லென்ஸின் நடுவழியே வரும் கதிரும் விளிம்புவழியே வரும் கதிரும் படத்தின் ஓரத்தில் ஒரே புள்ளியில் சேராமற் போவதால், புள்ளியாக விழவேண்டிய நட்சத்திரம் சிறகு விரித்த பறவைபோல் சிதறுகிறது. பகற்காட்சியில் யார் கண்ணுக்கும் படாத இக்குறை, கறுத்த வானத்தில் நூற்றுக்கணக்கான நட்சத்திரங்களின்மேல் ஒருங்கே வெளிப்படும்போது படத்தையே கெடுத்துவிடும், கணினியாலும் அதற்குத் திருப்திகரமான பரிகாரம் கிடையாது. நம் லென்ஸின் தலையாய குணம் இந்த இடத்தில்தான் விளங்குகிறது. எஃப் 2.8 துவாரத்திலேயே மூலைகளை நெருங்கும்வரை நட்சத்திரங்களை இது சிறு புள்ளிகளாக நிறுத்துகிறது. இதைவிடப் பன்மடங்கு விலையுள்ள லென்ஸ்கள் பலவற்றுக்கும் அக்காலத்தில் இது கைகூடவில்லை.

குறுகிய குவிய தூரத்துக்கு இன்னொரு சலுகையும் உண்டு. வானம் மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. முக்காலியில் அசையாமல் நிற்கும் கேமராவில் 25 விநாடி திறந்து வைத்தால், விண்நடுக்கோட்டருகே உள்ள ஒரு நட்சத்திரத்தின் பிம்பம் 14 மில்லிமீட்டர் லென்ஸில் சுமார் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கே நகரும், அதாவது 24 மெகாபிக்ஸல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் நான்கு பிக்ஸல். 50 மில்லிமீட்டர் லென்ஸிலோ அதே நேரத்தில் 15 பிக்ஸல் இழுபட்டுக் கோடாகிவிடும்.

தமிழ்நாட்டில் இருப்போருக்குப் பூகோளமும் அனுகூலமாகவே அமைந்திருக்கிறது. பால்வீதியின் மையம் தனுசு ராசியின் பக்கம், விண்நடுக்கோட்டுக்குத் தெற்கே 29 டிகிரியில் இருப்பதால், 50 டிகிரி வட அட்சரேகையிலுள்ள ஐரோப்பிய நகரங்களில் அது தொடுவானத்துக்கு மேல் 11 டிகிரிக்கு மிகாமல் தலைகாட்டி மறைகிறது. 11 டிகிரி அட்சரேகையில் நமக்கோ 50 டிகிரி உயரம்வரை எழுகிறது. கேமராவைக் கிடையாகப் பிடித்தாலே மேலுங்கீழுமாக 81 டிகிரி காணும் இந்த லென்ஸில், அந்த மையமும் அதன் கீழே ஜவ்வாது மலையின் முகடும் ஒரே படத்தில் அமையும். காவலூர் வானாய்வகத்தை அம்மலையில் அமைத்ததற்கு அவ்விடத்து இருளும் ஒரு காரணம். ஆனால் ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் கொண்ட கேமராக்களில் மூலைக்கு மூலை 114 டிகிரி என்ற காட்சி சுமார் 90 டிகிரியாகக் குறுகிவிடுமாதலால், அவற்றை வைத்திருப்போர் இன்னும் குறுகிய லென்ஸைத் தேடுவது நல்லது.

பகல் இயற்கைக் காட்சிக்கு எஃப் 8-ல், சுமார் 80 சென்டிமீட்டர் தூரத்தில் ஃபோகஸை நிறுத்திவிட்டால், 40 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம்வரை யாவும் தெளிவாக விழும். ஆனால் அகலமான லென்ஸ் அருகிலுள்ளதைப் பெருக்கித் தூரத்து மலையைச் சிறுக்கவைக்கும். முன்னணியில் ஒரு பாறையோ வேரோ இல்லாமல் எடுத்த படம் வெறும் வெளியாகவே தோன்றும். குனிந்து, நெருங்கி நில்லுங்கள்.

இந்த லென்ஸை வாங்குவோர் அவசியம் அறிய வேண்டியது, உருப்படிக்கு உருப்படி இதன் தரம் வேறுபடும் என்பதே. சிலவற்றில் கண்ணாடிகள் மையம் பிசகி, ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மழுங்கியும் படம் விழும். வளையத்தில் பொறித்த முடிவிலிக் குறியும் பலவற்றில் சரியான இடத்தில் இராது. ஆகவே, நிலவில்லாத ஓர் இரவில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தை மெல்லத் திருப்பி, அவ்விடத்தில் வளையம் அசையாதபடி ஒரு நாடாவை ஒட்டி, எஃப் 2.8-ல் 20 விநாடி திறந்து எடுத்த படத்தின் நான்கு மூலைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலிருந்தால், இரவு வானத்துக்கு இந்த விலையில் இதைவிட நல்ல துணை அரிது. ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால், கடைக்காரர் திருப்பி வாங்கும் கெடு முடிவதற்குள் தயங்காமல் வேறோர் உருப்படியைக் கேட்டு வாங்குங்கள்.