மாட்டின் இடத்தில் ஒரு மனிதர்

பந்தல்குடிப் பக்கம் செக்கு தெரியாத பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். மாடு சுற்றிச் சுற்றி வரும். எள் நசுங்கி எண்ணெய் வடியும். கோவைச் சிறையில் அந்த மாட்டின் இடத்தில் வ.உ.சி.யை நிறுத்தினார்கள். தூத்துக்குடியில் வெள்ளையருக்கு எதிராகக் கப்பல் விட்டவர் அவர். 1908இல் தண்டனை, 1912 டிசம்பரில் விடுதலை. அவர் இழுத்த கல்செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. சென்னைச் சுற்றுலா என்றால் கடற்கரையோடு நிறுத்திவிடாதீர்கள், ஆசிரியர்களே. பிள்ளைகளை அந்தச் செக்கைச் சுற்றி ஒருமுறை நடக்க வையுங்கள். அவர் பிறந்த ஒட்டப்பிடாரத்திலும் நினைவில்லம் உண்டு. பந்தல்குடியிலிருந்து தூத்துக்குடி சாலையில் போனால், காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடலாம்.